டேட்டா சென்டர் பெட்டியின் மூளையை வீட்டு கம்ப்யூட்டரில் உருவாக்க முடியுமா?

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணி தாண்டிய சிறிது நேரத்தில் வாட்ஸ்அப் நின்றுபோனது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமும் கூடவே படுத்துவிட்டன. வீட்டு வைஃபை ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தவர்கள் உண்டு. போனை ரீஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு. கோளாறு அங்கெல்லாம் இல்லை. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, ஃபேஸ்புக் நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க்கையே அறுத்துவிட்டது. இப்படிப்பட்ட தவறான கட்டளைகளைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் ஒரு பிழை இருந்ததால், அதுவும் கோட்டைவிட்டது. எல்லாம் சரியாக சுமார் ஆறு மணி நேரம் ஆனது.

நம் கண்ணில் படாத எங்கோ ஓர் அறையில், இரும்பு அடுக்குகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நெட்வொர்க் பெட்டிகள்தான் நம் அன்றாடத்தைத் தாங்குகின்றன என்பது அன்றைக்குப் பலருக்கும் புரிந்தது. அந்தப் பெட்டிகளை இயக்கும் மென்பொருளை எழுதுவது யார்? அதற்குள் என்ன இருக்கிறது என்று வெளியில் இருப்பவர் திறந்து பார்க்க முடியுமா? இன்னும் ஒருபடி மேலே போய், அதை நாமே உருவாக்க முடியுமா?

முடியும். அதன் பெயர் சோனிக். வீடியோ கேமில் ஓடும் நீல நிற முள்ளெலி அல்ல. இது டேட்டா சென்டர் ஸ்விட்ச்களுக்கான ஓப்பன் சோர்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

ஒன்றே முக்கால் அங்குலப் பெட்டி

டேட்டா சென்டர் ஸ்விட்ச் ஒன்றை நேரில் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பழைய டிவிடி ப்ளேயர் போல ஒரு தட்டையான பெட்டி. உயரம் ஒன்றே முக்கால் அங்குலம். முன்பக்கம் கேபிள் செருகும் துளைகள், பின்பக்கம் விசிறிகள். அவ்வளவுதான். ஆனால், முன்னால் இருக்கும் 32 துளைகளில் ஒவ்வொன்றும் நொடிக்கு 100 கிகாபிட் கடத்தக்கூடியது. மொத்தம் 3.2 டெராபிட். வீடுகளில் இருக்கும் 100 மெகாபிட் பிராட்பேண்ட் இணைப்போடு ஒப்பிட்டால், 32,000 வீடுகள் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பயன்படுத்துவதற்குச் சமம். இதுவும் பழைய கணக்கு. பிராட்காம் நிறுவனம் 2022-ல் அறிவித்த சிப், இதைப்போல 16 மடங்கு கடத்தும்.

இந்தப் பெட்டிக்குள் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர், டேட்டாவை ஒரு துளையில் வாங்கி சரியான இன்னொரு துளையில் தள்ளிவிடும் சிப். வேகமானவர், ஆனால் சொன்னதை மட்டும்தான் செய்வார். மற்றவர், எது எங்கே போக வேண்டும் என்று அந்த சிப்புக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

பல ஆண்டுகளாக இந்த இரண்டையும் ஒரே நிறுவனம் சேர்த்தேதான் விற்றது. பெட்டியை வாங்கினால் உள்ளே இருக்கும் மென்பொருளும் அவர்களுடையதுதான். அதில் ஒரு பிழை என்றால் அவர்கள் திருத்தித் தரும்வரை காத்திருக்க வேண்டும். திருத்தினார்களா, என்ன திருத்தினார்கள் என்பதையும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அலுவலகத்தில் நான்கு ஸ்விட்ச் வைத்திருப்பவருக்கு இது பெரிய தலைவலி இல்லை. பல நிறுவனங்களின் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் வாங்கி அடுக்கிவைத்திருப்பவருக்கு?

அப்படி ஒரு தலைவலியில் இருந்தது மைக்ரோசாஃப்ட். தன் அஸ்யூர் கிளவுட் சேவைக்காக, எந்த நிறுவனத்தின் சிப்பாக இருந்தாலும் ஒரே மாதிரி பேசக்கூடிய ஒரு பொது மொழி வேண்டும் என்று சிப் நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கியது. சாய் என்பது அதன் சுருக்கப் பெயர், 2015-ல் வந்தது. அந்த மொழியில் பேசும் முழு ஆப்பரேட்டிங் சிஸ்டமாக சோனிக்கை 2016 மார்ச்சில் வெளியிட்டது, அதுவும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம் என்று மூல நிரலைத் திறந்துவைத்து. 2022 ஏப்ரலில் அந்தத் திட்டம் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் பொறுப்புக்குப் போனது. சீனாவின் அலிபாபா உட்பட பல பெரிய நிறுவனங்களின் டேட்டா சென்டர்களில் இன்று சோனிக் ஓடுகிறது.

டிபன் கேரியர் தத்துவம்

சோனிக்கின் அமைப்பைப் புரிந்துகொள்ள நம் வீட்டு டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். சாதம் ஓர் அடுக்கில், சாம்பார் ஓர் அடுக்கில், பொரியல் ஓர் அடுக்கில். சாம்பார் கெட்டுப்போனால் அந்த ஓர் அடுக்கைக் கழுவி மறுபடி ஊற்றிக்கொண்டால் போதும். பொரியலுக்கு ஒன்றும் ஆகாது.

சோனிக்கில் அந்த அடுக்குகளின் பெயர் கன்டெய்னர். டாக்கர் என்ற தொழில்நுட்பத்தில் ஓடுபவை. மற்ற நெட்வொர்க்குகளோடு பேசி வழி கேட்டுவைக்கும் பிஜிபி ஒரு கன்டெய்னரில். பக்கத்தில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று விசாரிக்கும் எல்எல்டிபி இன்னொன்றில். விசிறி, மின்சாரம், வெப்பநிலை ஆகியவற்றைக் கவனிக்க ஒன்று. சிப்போடு நேரடியாகப் பேச ஒன்று. இவர்கள் பெரும்பாலும் ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் இருக்கிறது. சொல்ல வேண்டியதை அதில் எழுதிவைப்பார்கள், தேவைப்படுபவர் படித்துக்கொள்வார். கூட்டுக் குடும்பத்தில் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் பால் கணக்கு, கேஸ் புக் செய்த தேதி எல்லாம் எழுதிவைப்பதைப் போல. எல்லாவற்றுக்கும் அடியில் டெபியன் என்ற லினக்ஸ் இருக்கிறது.

ரெடிமேட் மாவு இருக்கும்போது ஏன் அரைக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. சோனிக்கின் தயார் நிலைக் கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. டவுன்லோடு செய்து பெட்டியில் ஏற்றிவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். இருந்தும் மூல நிரலை எடுத்து, தாங்களே கட்டி எடுக்க வேண்டும் என்று சிலர் ஏன் மெனக்கெடுகிறார்கள்?

2024 மார்ச் 29 அன்று வெளிவந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் புரியும். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், தன் கம்ப்யூட்டரில் வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கித்தரும் ஒரு சாதாரண கருவிக்குள் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தது தெரிந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தத் திட்டத்தில் நல்ல பிள்ளையாக உழைத்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பாளராகவும் ஆகி, பிறகு இந்த வேலையைச் செய்திருந்தார். அவர் உண்மையில் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தத் தீய நிரலின் கரு, சோதனைக் கோப்பு போல வேடமிட்டு எல்லோர் கண் முன்னாலும் கிடந்தது. ஆனால், அதை எழுப்பிவிடும் சாவி பொதுவில் இருந்த மூல நிரலில் இல்லை. வெளியீட்டுக்காகத் தனியே கட்டிக்கொடுத்த தொகுப்பில் மட்டும் இருந்தது. அதுவும் டெபியன், ரெட்ஹேட் வகைத் தொகுப்பாகக் கட்டும்போது மட்டும் விழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. அதாவது, எல்லோரும் பார்க்கும் சமையல் குறிப்பு ஒன்று. கடையில் பாக்கெட்டில் வந்த மாவு வேறு. டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டுவதற்குள் பிடிபட்டுவிட்டது. அந்த அரை நொடியை ஒருவர் கவனிக்காமல் விட்டிருந்தால்?

சொந்தமாகக் கட்டுவதற்கு இன்னும் சாதாரணமான காரணங்களும் உண்டு. ஒரு பிழை திருத்தம் இன்றைக்கே வேண்டும், அடுத்த வெளியீடு வரை காத்திருக்க முடியாது. சில வசதிகள் நமக்குத் தேவையே இல்லை. அவற்றை எடுத்துவிட்டால் ஆபத்துக்கான வாசல் குறையும். அல்லது, ஆர்வம். அதுவும் ஒரு காரணம்தான்.

அடுப்பைப் பற்றவைப்போம்

தேவையானவை: உபுண்டு போட்ட ஒரு கம்ப்யூட்டர். ஹார்டு டிஸ்க்கில் 300 ஜிபி காலி இடம். எழுத்துப்பிழை இல்லை, முந்நூறு. மெமரி 8 ஜிபிக்குக் குறைந்தால் சிக்கல் வரும் என்று திட்டத்தின் குறிப்பேடே எச்சரிக்கிறது. பிராசஸரில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை நல்லது. கூடவே, டாக்கர் இன்ஸ்டால் செய்திருக்க வேண்டும். உங்கள் யூசர் பெயரை டாக்கர் குழுவில் சேர்த்து, ஒருமுறை லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். இந்தக் கடைசி வரியை மறந்துவிட்டு 'அனுமதி இல்லை' என்ற பிழையோடு மல்லுக்கட்டாத புதியவர்கள் குறைவு.

முதல் வேலை, 'சோனிக் பில்ட்இமேஜ்' என்ற மூல நிரல் களஞ்சியத்தை கிட் மூலம் இறக்கிக்கொள்வது. அதற்குள்ளேயே பல துணைக் களஞ்சியங்கள் இருப்பதால், 'மேக் இனிட்' என்ற கட்டளை கொடுத்து அவற்றையும் வரவழைக்க வேண்டும். அடுத்தது 'மேக் கன்ஃபிகர்'. எந்த சிப்புக்காகக் கட்டுகிறோம் என்று இங்கே சொல்ல வேண்டும். பிராட்காம், மெலனாக்ஸ், மார்வெல் என்று பட்டியல் உண்டு. லட்சங்களில் விலை போகும் ஸ்விட்ச் கையில் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: 'விஎஸ்', அதாவது வர்ச்சுவல் ஸ்விட்ச். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் கற்பனைப் பெட்டி. மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

பிறகு கடைசிக் கட்டளை. 'மேக்' என்று சொல்லி, எந்தக் கோப்பு வேண்டும் என்று குறிப்பிட்டு என்டர் தட்டினால் வேலை ஆரம்பம்.

இங்கேதான் கன்டெய்னர் இரண்டாவது முறை கதைக்குள் வருகிறது. உங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன மென்பொருள், எந்தெந்தப் பதிப்பில் இருக்கிறது என்பது சோனிக்குக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அது விரும்புவதில்லை. தனக்கு வேண்டிய கம்பைலர், கருவிகள் எல்லாம் கச்சிதமாக அடுக்கிய ஒரு கன்டெய்னரை முதலில் கட்டிக்கொள்கிறது. கல்யாண சமையல்காரர்கள் மண்டபத்துக்கு வரும்போது தங்கள் அண்டா, கரண்டி, ஜல்லடை எல்லாவற்றையும் தாங்களே கொண்டுவருவார்கள் இல்லையா? அதே மாதிரி. இனி எல்லா வேலையும் அந்தக் கன்டெய்னருக்குள்தான். சென்னையில் கட்டினாலும் சியாட்டிலில் கட்டினாலும் சமையலறை ஒன்றே. 'என் கம்ப்யூட்டரில் ஓடியதே' என்ற சண்டைக்கு இடம் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கன்டெய்னருக்குள் உட்கார்ந்துகொண்டு அது கட்டுவதும் கன்டெய்னர்களைத்தான். முதலில் லினக்ஸ் கெர்னலுக்கு சோனிக்குக்கான ஒட்டுகளைப் போட்டுக் கம்பைல் செய்யும். பிறகு நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னத் தொகுப்புகள். அவற்றை வைத்து பிஜிபி, எல்எல்டிபி என்று ஒவ்வொரு கன்டெய்னராகச் சமைத்து இறக்கும். கடைசியில் ஒரு வெறும் டெபியனை நிறுவி, அதன்மேல் இந்த அடுக்குகளை ஏற்றி, ஒரே கோப்பாக மூடி கட்டித் தரும். வர்ச்சுவல் ஸ்விட்ச் என்றால் இன்னும் ஒரு படி: ஒரு கற்பனை கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து, அதில் தன்னைத்தானே இன்ஸ்டால் செய்து பார்க்கும். அதனால்தான் பயோஸில் வர்ச்சுவலைசேஷன் வசதியை ஆன் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

முதல் முறை இது முடியப் பல மணி நேரம் ஆகும். இரவு ஆரம்பித்துவிட்டுப் படுத்துவிடுவது புத்திசாலித்தனம். ஒரே நேரத்தில் எத்தனை வேலை நடக்கலாம் என்ற எண்ணைக் கூட்டிவிட்டால் வேகம் கூடும். கூடவே மெமரியையும் தின்னும். நான்கு அடுப்பை ஒரே நேரத்தில் பற்றவைப்பவர், நான்கையும் கிளற ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலையில் எழுந்து பார்த்தால்...

பெரும்பாலும் அது நின்றுபோயிருக்கும். 'ஃபெயில் லாக் ஸ்டார்ட்' என்று ஒரு வரி, அதன்கீழ் நீளமாக ஒரு புலம்பல். ஆனால் அழ வேண்டாம். ஒவ்வொரு தொகுப்புக்கும் தனித்தனி லாக் கோப்பு இருக்கும். எது உடைந்ததோ அதை மட்டும் படித்தால் போதும். டிஸ்க் நிரம்பியிருக்கலாம். மெமரி பற்றாமல் கம்பைலரை லினக்ஸே கொன்றிருக்கலாம். நள்ளிரவில் இன்டர்நெட் ஒரு நிமிடம் போய்வந்திருக்கலாம். காரணத்தைச் சரிசெய்து அதே கட்டளையை மறுபடி கொடுத்தால், முடிந்தவற்றை விட்டுவிட்டு மீதியிலிருந்து தொடரும். ஒருமுறை கட்டியதைச் சேமித்துவைத்து அடுத்த முறை எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

சில தோல்விகளுக்கு நாம் காரணமே இல்லை. டெபியனின் 'ஸ்ட்ரெச்' பதிப்பு வயதாகி ஓய்வு பெற்றபின், 2023-ல் அதன் தொகுப்புகள் வழக்கமான முகவரியிலிருந்து பழைய ஆவணக் கிடங்குக்கு மாற்றப்பட்டன. அந்த முகவரியை நம்பியிருந்த பழைய சோனிக் கிளைகளை இன்றைக்கு எடுத்துக் கட்டினால், கடை இருந்த இடத்தில் பூட்டுதான் தொங்கும். மூல நிரல் அப்படியே இருக்கிறது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் கட்ட முடியாது. இந்த மாதிரிச் சங்கடங்களுக்காகவே, எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு வேண்டும் என்று துல்லியமாக எழுதிப் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைப் பின்னாளில் சோனிக்கில் கொண்டுவந்தார்கள்.

திறக்காத ஓர் அடுக்கு

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'எல்லாவற்றையும் மூலத்திலிருந்து நானே கட்டினேன்' என்று பெருமையடிப்பது முழு உண்மை ஆகாது. அடியில் இருக்கும் டெபியனின் பெரும்பாலான தொகுப்புகள் தயார் நிலையில்தான் இறக்கப்படுகின்றன. சோனிக் மாற்றம் செய்த தொகுப்புகள் மட்டுமே இங்கே கம்பைல் ஆகின்றன. அதைவிட முக்கியமானது, பிராட்காம் சிப்புக்காகக் கட்டும்போது, அந்த சிப்போடு பேசும் நூலகம் மூல நிரலாக வருவதில்லை. மூடிய பொட்டலமாகத்தான் வருகிறது. உள்ளே என்ன என்பது அந்த நிறுவனத்துக்கே வெளிச்சம். டிபன் கேரியரின் எல்லா அடுக்கையும் திறந்து பார்க்கலாம், அடி அடுக்குக்கு மட்டும் சீல்.

ஆக, ஓப்பன் சோர்ஸ் என்ற வார்த்தைக்கு இங்கே ஓர் எல்லை இருக்கிறது. ஆனால், முன்பு ஒரு அடுக்கைக்கூடத் திறக்க முடியாது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சீல் வைத்த பகுதி இன்னது என்று சுட்டிக்காட்டும் அளவுக்காவது இப்போது தெரிகிறது. வர்ச்சுவல் ஸ்விட்சில் நிஜ சிப்பே இல்லாததால், அங்கே இந்தப் பொட்டலத்துக்கு வேலை இல்லை.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. கட்டி முடித்த சோனிக்கில் நுழைய ஒரு பொது பாஸ்வேர்டு முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். அந்த பாஸ்வேர்டு என்ன தெரியுமா? 'உங்கள் பாஸ்வேர்டு' என்பதற்கான ஆங்கிலச் சொற்கள்தான், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து. உலகத்துக்கே தெரிந்த ரகசியம். கட்டுவதற்கு முன்பே கன்ஃபிக் கோப்பில் இதை மாற்றிவிடலாம். தேவையில்லாத கன்டெய்னர்களை விட்டுவிடச் சொல்லும் வரிகளும் அதே கோப்பில்தான் இருக்கின்றன. பத்து மணி நேரம் செலவழித்துச் சொந்த வீடு கட்டியவர், பூட்டை மட்டும் பழையபடி விட்டுவைக்கக் கூடாது.

எல்லாம் சரியாக முடிந்து, வர்ச்சுவல் ஸ்விட்சை ஆன் செய்து உள்ளே போனால், கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். 'ஷோ வெர்ஷன்' என்று தட்டிப் பார்க்கலாம். பதிப்பின் பெயர் முதலில் வரும். மூல நிரலில் ஏதாவது மாற்றிவிட்டு, அதை முறையாகப் பதிவு செய்யாமல் கட்டியிருந்தால், பெயரோடு 'டர்ட்டி' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம், கை வைத்திருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம் அது. அதன்கீழே டெபியன் பதிப்பு, கெர்னல், கட்டிய தேதி. அதற்கும் கீழே 'பில்ட் பை' என்று ஒரு வரி, கட்டியது யார் என்று சொல்லும். டவுன்லோடு செய்த கோப்பாக இருந்தால் அங்கே எங்கோ இருக்கும் ஒரு சர்வரின் பெயர் இருக்கும். இதில் உங்கள் யூசர் பெயரும், உங்கள் கம்ப்யூட்டருக்கு நீங்கள் வைத்த பெயரும் இருக்கும்.